விளம்பர இடைவேளையைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.
(தபால் பெட்டியில் பெயர் அழிந்துவிட்டது. கீழ் வீட்டில் கொடுத்தாலும் வந்து சேரும்.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நிகழ்ச்சிப் பிரிவு,
தொலைக்காட்சி நிலையம்.

பொருள்: சனிக்கிழமை மாலை ஏழு மணி விண்வெளித் தொடர் – விளம்பர இடைவேளைகளை நீக்கும் முடிவைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற சனிக்கிழமை திரையின் அடியில் ஓடிய தங்கள் அறிவிப்பு.
2. விளம்பரங்களைக் குறைக்கக் கேட்டு நான் எழுதிய பழைய புகார் (இம்மனுவின் மூலம் திரும்பப் பெறப்படுகிறது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. 'ஏழாம் சுற்றுப்பாதை' தொடரின் கடைசி எட்டுப் பகுதிகள் வரும் சனிக்கிழமை முதல், வாரம் ஒன்றாக, இடைவேளையின்றி ஒரே மூச்சில் ஒளிபரப்பாகும் என்றும், நேயர்களின் வேண்டுகோளை ஏற்றே இம்முடிவு என்றும் அறிவித்துள்ளீர்கள். அந்த நேயர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முதல் பகுதி வந்த மறுநாளே, விளம்பரத்தில் பெயிண்ட் காய்வதைப் பார்க்கவா உட்கார்ந்திருக்கிறோம் என்று காரசாரமாக எழுதியவன் நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

2. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானார். ஐந்தாவது மாதம் என் ஒரே மகளுக்கு வெளியூர் மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அவள் போகக் கூடாது என்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "போறதுன்னா போ, திரும்பி வந்து இந்தக் கதவைத் தட்டாதே" என்று சொல்லிவிட்டேன். அவளும் என்னைப் போலவே ரோஷக்காரி. இதுவரை தட்டவில்லை.

3. அதன்பின் ஒன்றரை ஆண்டு எங்களுக்குள் பேச்சே இல்லை. தங்கள் தொடரின் மூன்றாம் பகுதியில் விண்கலத்தின் லிஃப்ட் நிற்பதற்கு முன்பே அதன் கதவு திறந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவன் நான். உட்கார்ந்த இடத்திலிருந்தே தொலைக்காட்சியை அதட்டினேன். இடைவேளை வந்ததும் தொலைபேசி அடித்தது. "அப்பா, பாக்கறீங்களா? லிஃப்ட் நிக்கவே இல்ல, கதவு தெறக்குது" என்றாள் என் மகள். லிஃப்ட் சரியான மட்டத்தில் நின்றாலொழியக் கதவின் பூட்டு விடாது என்பதை நான் நான்கு நிமிடம் விளக்கினேன். அவளும் இதையெல்லாம் புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டாள். தொடர் திரும்ப ஆரம்பித்ததும் வைத்துவிட்டாள். அந்தப் பகுதியின் மிச்சக் கதை எனக்குத் தெரியாது. கண்ணீர் மறைத்துவிட்டது.

தங்கள் தொடரில் அந்தத் தவறைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றியைத் தெரிவிக்கவும்.

4. அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட, இடைவேளையில் அவள் அழைப்பு தவறியதில்லை. தொடருக்கு நான்கு இடைவேளைகள். முதலாவது நான்கு நிமிடம், இரண்டாவது ஐந்து, மூன்றாவது நாலரை, கடைசியில் வருவது மூன்றுதான். பெயிண்ட் விளம்பரம் இரண்டாம் தடவை வந்தால் தொடர் வரப்போகிறது என்று பொருள். தொடரைப் பற்றி மட்டுமே பேசுவோம். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, தானாக அமைந்துவிட்டது. ஆனாலும் ஒரு முறை, அந்த விண்கலத்து டாக்டர் இளைத்துவிட்டார், பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை போலிருக்கிறது என்றாள். டாக்டருக்குப் பிரஷர் இருப்பதாகக் கதையில் எங்கும் வரவில்லை. அவர் வேளை தவறாமல் போடுகிறார், நீ கவலைப்பட வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து உண்மையிலேயே போடுகிறேன்.

5. மற்ற நேரத்தில் பேசிக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சனிக்கிழமை தொடர் முடிந்ததும் இரவு எட்டேகாலுக்கு அவள் பணிக்குள் போக வேண்டும், அங்கே தொலைபேசி கூடாது. ஒரு புதன்கிழமை நானே துணிந்து அழைத்தேன். எடுத்ததும் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம். புதன்கிழமைகளில் எங்களுக்குப் பேச வரவில்லை, ஐயா.

6. இனி சென்ற சனிக்கிழமை. மூன்றாவது இடைவேளையில் அவள் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினாள். கதையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "அப்பா, நம்ம வீட்ல என் ரூம்..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் விண்கலம் வந்துவிட்டது. பழக்க தோஷம். "வந்துடுச்சு, வை" என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். நான்காவது இடைவேளையில் தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடமும் அழைப்பு வரவில்லை. அதன்பிறகுதான் தங்கள் அறிவிப்பு ஓடியது.

அவள் அறையில் நான் எதையும் மாற்றவில்லை. வாரம் ஒரு முறை பெருக்குகிறேன். கட்டிலின் ஒரு கால் ஆடியது, அதையும் சரி செய்துவிட்டேன். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. என்னைப் போய், "வந்துடுச்சு, வை" என்று சொல்ல வைத்தது எது என்று ஆறு நாளாக யோசிக்கிறேன். ஏங்கிக் காத்திருந்த சொல் வாசல் வரை வந்தபோது கதவைச் சாத்தியது இரண்டாம் முறையும் நானேதான்.

7. ஆகவே, கருணை கூர்ந்து இடைவேளைகளை முன்பிருந்தபடியே அனுமதிக்க வேண்டுகிறேன். என்ன விளம்பரம் வேண்டுமானாலும் போடுங்கள், பெயிண்டையே பத்துத் தடவை போட்டாலும் ஆட்சேபணை இல்லை. நான்குக்கும் விதிகள் இடம் தராவிட்டால் மூன்றாவதையாவது தரவும். அதையும் குறைத்தால்தான் ஆகும் என்றால் இரண்டு நிமிடம் போதும்.

எனக்கு அவளிடம் 'வீட்டுக்கு வாம்மா' என்று சொல்ல வேண்டும். எட்டுப் பகுதிகளில் ஒன்று போதாதா என்று தங்கள் அலுவலகத்தில் கேட்கக்கூடும். போதும்தான். ஆனால் முதல் சனிக்கிழமையே சொல்லிவிடுவேன் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை. அதனால்தான் எட்டும் கேட்கிறேன்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: வெள்ளிக்கிழமை, தொடருக்கு முந்தைய நாள்

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்