ரொட்டி வெந்துரட்டும் என்றீர்கள்

மைனி,

மட்டி வாழைக்குலை ஒரேயடியாகப் பழுத்துவிட்டது. நேற்று வரை பாதிக்கு மேல் காயாகத்தான் இருந்தது. இன்று காலை அடுக்களைக் கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் வந்து மோதியது. தோல் கறுத்து, காம்பு இளகி, இரண்டு மூன்று பழங்கள் தரையில் விழுந்து கிடந்தன. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் அவற்றை உரித்துப் பிசைய ஆரம்பித்திருப்பீர்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். குனிந்து பொறுக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படி ஒரு அலுப்பு. எழுத மட்டும் எப்படியோ கை வருகிறது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது நான் கோட்டாறில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாண மஞ்சள் காய்வதற்குள் அண்ணன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அதன்பிறகு அவன் வந்ததெல்லாம் லீவுக்குத்தான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனார்கள். உங்கள் மகனும் படித்து முடித்துச் சிங்கப்பூருக்குப் போனான். கடைசியில் மிஞ்சியது நீங்களும் நானும்தான். காலையில் நான் வேலைக்குப் போகும்போது வாசலில் நிற்பீர்கள். சாயங்காலம் பஸ் பிந்தினாலும் அதே வாசலில் நிற்பீர்கள். கல்யாணம் ஆனவளுக்குக் கிடைக்கக்கூடிய துணையெல்லாம் உங்களால் எனக்குக் கிடைத்தது என்று பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

அண்ணன் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்தபோது அவனோடு சர்க்கரை வியாதியும் வந்தது. கார்கோவில் பெரிய பெட்டிகள் வந்தன. அதில் ஒன்றில் ஒரு ஓவன். "இதை என்ன செய்ய? உள்ள பூனையை வச்சு வளக்கவா?" என்று கேட்டீர்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் அவன் எதற்கும் சிரிப்பதில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி நடந்தான். எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுவே அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். "உனக்குத்தான் வேலை இருக்கே. ஸ்கூல் பக்கத்துல ஒரு சின்ன வீடாப் பாத்துக்கயேன். உனக்கும் வசதி, எங்களுக்கும் வசதி."

நான் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அவனைக் குற்றம் சொல்லவில்லை, மைனி. அத்தனை வருஷம் ஒரு அறைக்குள் பலபேரோடு கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்தவன். வீடு தனக்கே தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். நானும் "செரி" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

நீங்கள் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தீர்கள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"அவ போனா நானும் அவகூட போவேன். இவ்வளவு காலமும் இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேராக்கும் இருந்தோம். மூணாவதா வந்தது நீங்க."

அண்ணன் நிமிர்ந்து உங்களைப் பார்த்தான். நீங்கள் அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு ஒருநாளும் அவன் அதை எடுக்கவில்லை. நீங்களும் என்னிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் நன்றி சொல்ல வந்தபோது, "ஏட்டி, போ, துணி காயப் போடணும்" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அந்த ஓவனை நீங்கள் தொட்டதும் அவனுக்காகத்தான். மஸ்கட்டில் நாலு மணிச் சாயாவோடு அவன் கேக் தின்று பழகியிருந்தான். டாக்டர் பேக்கரிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவனோ ஜங்ஷன் கடைக்குப் போய் ஒளிந்து தின்றான். சட்டைப் பையில் தூள் இருக்கும். நீங்கள் சட்டையை உதறிப் பார்த்துவிட்டு, "தின்னணும்னா வீட்டுல தின்னட்டும்" என்று இறங்கினீர்கள். மைதா வேண்டாம், கோதுமை மாவு. சீனி வேண்டாம், கொஞ்சமாகக் கருப்பட்டிப் பாகு. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். இனிப்புக்கு மட்டிப்பழம்.

"மட்டிப்பழமும் கருப்பட்டியும் மட்டும் சர்க்கரைக்கு ஆகுமா மைனி?" என்று கேட்டேன்.

"ஆகாது. ஆனா ஒரு துண்டு என் கையால குடுத்தா அதோட நிக்கும். கடையில யாரு எண்ணிப் பாப்பா?"

முட்டைதான் பிரச்சினை. நீங்கள் கவிச்சி தொடாத ஒரு அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்தவர். எங்களுக்கு மீன்குழம்பு வைத்துத் தருவீர்கள், முகம் சுளிக்க மாட்டீர்கள். ஆனால் முட்டையை மட்டும் கையால் தொட மாட்டீர்கள். ஏனென்று ஒருமுறை கேட்டதற்கு, "மீன் செத்து வருது. இது உள்ள என்ன இருக்குன்னு தெரியாம உடைக்கணும். எனக்கு அது வராது மக்கா" என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

முதல் ரொட்டியை வெட்டரிவாளால்தான் வெட்ட முடிந்தது. இரண்டாவதில் ஆப்ப சோடா கூடிப்போய் சோப்பு வாசம் அடித்தது. போனில் சமையல் வீடியோவில் ஒரு பெண் முட்டை போட்டால்தான் பஞ்சு மாதிரி வரும் என்று சொல்ல, "அவ கிடக்கா" என்று போனைக் கவிழ்த்து வைத்தீர்கள். பிறகு ஒருநாள் புளித்த தயிரில் சோடாவைப் போட்டீர்கள். அது பொங்கி வந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏட்டி, இஞ்ச வா. பாத்தியா, முட்டை இல்லாமலே மூச்சு விடுது." மாவை அதிகம் கிண்டக்கூடாது, ஈரம் பட்டதும் விட்டுவிட வேண்டும் என்பதும் உங்களுக்குக் கெட்டுப்போன ரொட்டிகளிலிருந்துதான் தெரிந்தது. வெந்துவிட்டதா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பீர்கள். குச்சியில் மாவு ஒட்டாமல் வந்தால் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அண்ணன் அதைக் கேக் என்பான். நீங்கள் ரொட்டி என்றுதான் சொல்வீர்கள். முதல் நல்ல ரொட்டியைத் தின்றுவிட்டு அவன், "பரவாயில்ல" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல என்ன, நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள்.

மாவை ஊற்றி உள்ளே வைத்துவிட்டு அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "தோள்பட்டை வலிக்கு. வாயுவாக்கும்" என்றீர்கள். உங்கள் கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அண்ணன் வெளியே போயிருந்தான், நானே ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

"போவோம், போவோம். ரொட்டி வெந்துரட்டும் மக்கா. இப்ப எடுத்தா நடு அமுங்கிப் போவும்."

"அது அமுங்கினா அமுங்கட்டும் மைனி!"

"நாலு மணிக்கு அவரு கேப்பாரு."

ஆட்டோ வந்து வாசலில் நின்றது. ஹார்ன் அடித்தது. நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். நானே ஓவனை அணைக்கப் போனபோது என்னைத் தள்ளினீர்கள், அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக. குச்சியால் குத்திப் பார்த்து, ரொட்டியை எடுத்து, துணியில் சுற்றி வைத்து, முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் ஏறினீர்கள். ஆட்டோ மெயின் ரோட்டில் திரும்பும்போது உங்கள் தலை என் தோளில் விழுந்தது. அசதி என்றுதான் நினைத்தேன். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று டாக்டர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் உங்களை எடுத்துப் போன பிறகு வீட்டைக் கழுவி விட்டார்கள். நான் குளித்துவிட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்தேன். அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டு லில்லி அக்கா கஞ்சி கொண்டு வந்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. அவள் மேடையிலிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தாள். அந்த ரொட்டி. அவளுக்கு எதுவும் தெரியாது. ஒரு துண்டு வெட்டி என் கையில் வைத்து, "இதையாவது தின்னு மோளே" என்றாள்.

தின்றேன் மைனி. பசித்தது. ஒரு துண்டு தின்று, இன்னொன்றும் வாங்கித் தின்றேன். நீங்கள் செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. கொஞ்சம்கூட அமுங்கவில்லை. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

உங்கள் வருஷத் திதிக்கு முன்பே அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் வரும். நான் வேலையை விட்டேன். அவனைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, மாத்திரை, கை கால் பயிற்சி. உதவிக்கு வந்த பெண்கள் வந்த வேகத்தில் போனார்கள். ஞாயிறு தோறும் நான் ரொட்டி சுட்டேன். பாலில் நனைத்துக் கொடுத்தால் விழுங்குவான். விழுங்கிவிட்டு, "அவ... இல்ல" என்பான். அவள் செய்தது போல் இல்லை என்கிறானா, அவள் இல்லை என்கிறானா? எதுவாக இருந்தாலும் உண்மைதான். நான் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுவேன். என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னவன் என்ற நினைப்பு சில நாள் வரும். அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அது என்னிடம் இல்லை. இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை. தூக்கம்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டி ஓவனில் இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். காதுக்குள் இரைச்சல். மைனி, அப்போது என் மனதில் வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இன்னும் கொஞ்ச நேரம்தானே, வெந்துரட்டும்.

எனக்கே பயமாக இருந்தது. தவழ்ந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். ஜன்னல் வழியாக லில்லி அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் மகன் அண்ணனோடு இருந்தான். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்த அழுத்தம் எங்கேயோ ஏறிப் போயிருந்தது. ரத்தமும் குறைவு. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். எப்போதும் போல, "அப்பா எப்படி இருக்காரு அத்தே? நீங்க நல்லா இருக்கியளா?" என்றான். எப்போதும் போல "நல்லா இருக்கேன் மக்கா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்கு முடியல" என்றேன்.

அவன் குரல் இறங்கியது. "ஏன் அத்தே இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, உன் அம்மாவும் சொன்னதில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? "இப்ப சொல்லிட்டேன்லா" என்றேன்.

அண்ணன் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தான். மணி நாலு ஆகியிருக்கும். "ரொட்டி?" என்றான். அவன் ஒருநாளும் ரொட்டி என்று சொன்னதில்லை.

"இன்னைக்கு இல்ல அண்ணே. பாதியில நிறுத்திட்டேன். எனக்கு முடியல."

அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான். கோணிய வாயை அசைத்து அசைத்துப் பார்த்தான். பிறகு ஒரு சொல் வந்தது.

"படு."

படுத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே, பட்டப்பகலில், விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் தூங்கினேன். அவன் என்னைக் கூப்பிடவில்லை.

உங்கள் மகன் வருகிற வாரம் வருகிறான். ஒரு மாதம் இருப்பானாம். ஒரு ஆண் நர்ஸையும் ஏற்பாடு செய்திருக்கிறான். அந்த மாதத்தில் கொஞ்ச நாள் நான் பேச்சிப்பாறைக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவள் அங்கே அணைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள். "இங்க வந்தா ஒரு வேலையும் செய்ய விடமாட்டேன்" என்று மிரட்டியிருக்கிறாள்.

போய் அவள் வீட்டு வராந்தாவில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறேன். அவள் தேயிலைச் சாயா போட்டுத் தருவாள். வாங்கிக் குடிப்பேன். நீங்கள் அப்படி வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை, மைனி. காய்ச்சல் நாளில்கூட நான் அடுப்பைப் பற்றவைத்தால், "நீ இரு, நான் போடுதேன்" என்று எழுந்து வந்து என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிவிடுவீர்கள். நானும் கொடுத்துவிடுவேன். உங்களை உட்கார வைத்து, சூடாக ஒரு டம்ளர் கையில் தந்து, நீங்கள் அதைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அது நடக்கவே இல்லை. மற்றதையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். அந்த ஆசை மட்டும் என்னோடு வரும்.