தீப்பெட்டியில் சாமி படம் இருந்ததால் நின்றுபோன குடல் பரிசோதனை முகாமைத் திரும்ப நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ச. பொன்னுத்தங்கம் (வயது 16),
தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டும் தொழிலாளி,
கீழத்தெரு, விஸ்வநத்தம்.

பெறுநர்:
குடல் பரிசோதனை முகாம் மேலதிகாரி அவர்கள்.

பொருள்: "பொதுமக்களுக்கு ஆர்வமில்லை" என்று எங்கள் ஊரைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டு, முகாமை மறுபடி நடத்துவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த தை மாதம் தங்கள் முகாம் எங்கள் ஊருக்கு வந்தது. நாற்பது வயது தாண்டியவர்கள் மலத்தை ஒரு தீப்பெட்டியில் கொண்டுவந்தால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்று கம்பவுண்டர் ஒலிபெருக்கியில் சொன்னார். நல்ல விஷயம்தான். தீப்பெட்டிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்று அவர் நினைத்திருப்பார். பஞ்சமில்லை ஐயா. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் முருகனோ லட்சுமியோ உட்கார்ந்திருக்கிறார்கள். லேபிள் ஒன்று கீழே விழுந்து கால் பட்டுவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஜனங்கள் நாங்கள். அந்தப் பெட்டிக்குள் இதை எப்படி வைப்பார்கள்?

2. தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்த மூன்று பேரை, பெட்டியில்தான் வேண்டும் என்று கம்பவுண்டர் திருப்பி அனுப்பினார். பெட்டியோடு வந்தவர் மொக்கைச்சாமி மாமா ஒருவர்தான். வெளியூரில் வாங்கிய, பூப்படம் போட்ட பெட்டி அது. அவர் பெயரைக் கம்பவுண்டர் ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டு, "பெட்டி கொண்டு வந்தாச்சா?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். அன்று முதல் அவர் 'பெட்டி மொக்கைச்சாமி' ஆகிவிட்டார்.

3. அந்தப் பெயரை வைத்தது நான்தான். மனுவில் பொய் எழுதக்கூடாது என்பதால் எழுதுகிறேன். அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் கருப்பட்டியைக் குழைத்து ஒரு பெட்டியில் அடைத்து, "அவசரம், பரிசோதனைக்கு" என்று எழுதி, எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளை மேஜையில் வைத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முகாமின் இரண்டாம் நாளான அன்று ஒரு பெட்டிகூட வரவில்லை.

4. சிரித்தவர்களில் என் அம்மா வெள்ளைத்தாயும் ஒருத்தி. சித்திரையில் அம்மாவுக்கு ரத்தமாகப் போனது. மூலம் என்று நினைத்து ஒரு மாதம் மோர் குடித்தாள். வைகாசியில் மதுரை பெரியாஸ்பத்திரியில் குடலில் கட்டி என்றார்கள். தையிலேயே பார்த்திருந்தால் கட்டி இன்னும் சின்னதாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். கட்டிலில் கிடந்தபடி அம்மா சொன்னது இது:

"லேபிளை அன்னைக்கே தண்ணியில ஊறவச்சு எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுட்டேன் புள்ள. வெறும் பெட்டி மடியிலதான் இருந்துச்சு. நீ வச்ச பெட்டிக்கு எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். அப்புறம் எப்படிக் கொண்டு போக?"

5. ஆபரேஷன் முடிந்துவிட்டது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள், முழு மனதோடு சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்களும் அவசியம் பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்பில் ஒன்றும் தெரியாதபோதே பார்ப்பதுதான் பரிசோதனை என்றும் டாக்டர் சொன்னார். அம்மாவின் தங்கை பஞ்சம்மாள் சித்திக்கு நாற்பத்திரண்டு வயது. மதுரைக்குக் கூப்பிட்டால், நல்லா இருக்கிறவளை நோயாளி ஆக்கப் பார்க்கிறாயா என்று என்னை ஏசுகிறாள். முகாம் இங்கன வந்தால் எல்லாரோடும் சேர்ந்து வருவேன் என்கிறாள். வர வேண்டிய முகாமைத்தான் தாங்கள் நிறுத்திவிட்டீர்கள். இரண்டு தடவை பஸ் ஏறி வந்து கேட்டும், நோட்டில் ஆர்வமில்லை என்று இருக்கிறது என்றே பதில் கிடைத்தது. ஆர்வம் இருந்தது ஐயா. என் அம்மா மடியில் இருந்தது. அந்த நோட்டை எழுதியவர் ஒரு வீட்டுக்குள்ளாவது நுழைந்து கேட்டாரா?

6. ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. ஆபீஸில் கழித்துப் போட்ட, லேபிள் ஒட்டாத பெட்டிகளை வீடுவீடாகக் கொடுக்க வேண்டும். தருவதற்குக் கணக்கப்பிள்ளை ஒப்புக்கொண்டார். கருப்பட்டிக்காக நான் மன்னிப்புக் கேட்ட பிறகுதான். ஒலிபெருக்கியில் பெயர் வேண்டாம், சீட்டில் நம்பர் போதும். பெண்களிடம் பெட்டி வாங்க ஒரு நர்ஸம்மா வரட்டும். சிரட்டையோடு வருகிறவர்களையும் திருப்பி அனுப்பாதீர்கள். மொக்கைச்சாமி மாமா முதல் ஆளாகக் கைநாட்டு வைக்க, முப்பத்தெட்டுப் பேரின் கைநாட்டு பின்தாளில் உள்ளது. அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

7. யார் பெயரையாவது ஒலிபெருக்கியில் கூப்பிட்டே தீரவேண்டும் என்று கம்பவுண்டர் நினைத்தால், என் பெயரைக் கூப்பிடட்டும். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வருகிறேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள், சித்தி தன் பெட்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆடி பிறப்பதற்குள் முகாம் தேதியைத் தெரிவிக்கும்படி பணிந்து கேட்கிறேன்.

இடம்: விஸ்வநத்தம்
நாள்: 22-6-1964

இப்படிக்கு,
ச. பொன்னுத்தங்கம்

இணைப்பு: 1. கைநாட்டுத் தாள். 2. லேபிள் இல்லாத மாதிரிப் பெட்டி ஒன்று. காலிப் பெட்டிதான் ஐயா, பயப்படாமல் திறக்கலாம்.