நஞ்சு என்ற சொல்

மார்ச் 4
மருமகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. காலையில் மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டுக் கழற்றிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அவள் பல் துலக்கிய பிறகு பார்த்தால் வாஷ்பேசினில் இரத்தச் சுவடு. அதையே எட்டி எட்டிப் பார்த்தேன்.
"ஈறுதான் மாமா. இந்த மாசத்துல அப்படித்தானாம்."
முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தபோதும் முதல் நாள் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். மகன் கப்பலில் இருக்கிறான். அவன் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். மாமனார் என்னத்தைக் கேட்பது?

மார்ச் 9
மருத்துவமனைக் கையேட்டை வாசித்தேன். இப்போது புருவம் முளைக்குமாம். விரல் நுனியில் ரேகை விழுமாம். அசைவும் தெரியத் தொடங்கும் என்று போட்டிருக்கிறது.
பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலாகவே கேட்டாள்: "என்னடி, உள்ள ஆட்டம் போடுதா?"
"அது தாத்தா மாதிரி அக்கா. இருக்கிற இடமே தெரியலை."
நானும் சிரித்துவைத்தேன். அப்படியானால், இன்னும் அசையவில்லை.

மார்ச் 16
ஸ்கேன். நான் வெளியே பெஞ்சில். "எல்லாம் நல்லா இருக்கு மாமா" என்று வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவோடு போனில் பேசியது கூடம் வரை கேட்டது. "நஞ்சு... அதான் அசைவு தெரியலையாம்மா... மாமாகிட்ட சொல்லலை, பயந்துக்குவாரு."
நஞ்சு.

மார்ச் 17
எதிலிருந்து? கொசுவர்த்தி, பினாயில், கரப்பான் மருந்து, பரண்மேல் கிடந்த பெயின்ட் டப்பா, எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். திராட்சையை உப்புத் தண்ணீரில் அலசினேன்.

மார்ச் 18
குழாய்த் தண்ணீரா? நான் காய்ச்சிக் கொடுத்த பாலா? — கேட்டுவிட்டால்தான் என்ன? அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த காலத்தில், சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேள் என்று எல்லோருக்கும் சொன்னவன். எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 19
"மாமா, கொசு பிச்சுப் பிடுங்குது. கொசுவர்த்தி எங்க? பினாயிலும் காணோம்."
உளறிக் கொட்டிவிட்டேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"நஞ்சுக்கொடி மாமா. பிள்ளைக்குச் சோறு போடுறதே அதுதான். அதைப் போய் எலி மருந்துன்னு நெனச்சீங்களே."
அது முன்பக்கமாக ஒட்டியிருக்கிறதாம். பிள்ளை உதைத்தாலும் மெத்தையில் உதைத்த மாதிரி. வெளியே தெரிய நாளாகுமாம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். பயந்தவன் கண்ணுக்கு ஒன்றுதான் பட்டது.
சிரித்து முடித்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு மாமா. டாக்டர் மெத்தைன்னு சொல்லிட்டாங்க. உள்ள ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல."
நான் டம்ளரைக் கழுவப் போனேன்.

மார்ச் 25
இன்னும் அசைவில்லை.

ஏப்ரல் 2
செருப்பு அவளுக்குப் பற்றவில்லை. என்னுடையதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். பிள்ளைக்கு இனிக் காது கேட்குமாம். "பேப்பரைச் சத்தமாப் படிங்க மாமா. உங்க குரலுக்காவது அசையட்டும்."
வாசித்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 6
மாலை வாசித்துக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தினாள். நிறுத்தினேன். இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.
"நிறுத்தாதீங்க."
"எங்கே விட்டேன்?"
"எங்க விட்டா என்ன மாமா, படிங்க."
தண்ணீர்த் தொட்டி டெண்டர், காணாமல் போன பத்திரம், அச்சிட்டவர் முகவரி வரை வாசித்தேன். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.