உங்க தலகாணியில ஓட்டை

சாதம் குக்கர்ல இருக்கு. முட்டை பொரிச்சு மூடி வெச்சிருக்கேன். துப்பாக்கி அலமாரியைப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட இருக்கு, வீட்டைத் தலைகீழாப் புரட்டாதீங்க.

காலையில டப்பாவைக் குறி வெச்சுச் சுடறேன்னு துப்பாக்கிக் குழலை மடக்கிக் குண்டு போட்டீங்க. போன் வந்ததும் அப்படியே கதவுக்குப் பின்னாடி சாத்திட்டுக் கிளம்பிட்டீங்க. நான் பாக்கும்போது பாப்பா விரல் ட்ரிக்கர்ல இருந்துச்சு.

சுட்டாத்தான் காலியாகும்னு நீங்கதானே சொல்வீங்க? பாப்பாவை எனக்குப் பின்னாடி நிக்க வெச்சு, உங்க தலகாணியைச் சுவத்துல சாத்திச் சுட்டேன். "வெறும் காத்துத் துப்பாக்கிதானே"ன்னு நேத்துகூட எங்கிட்டச் சண்டை போட்டீங்க. அந்தக் காத்து தலகாணியைத் துளைச்சுட்டுப் போய்ச் சுவத்தைப் பேத்திருக்கு. போய்ப் பாருங்க.

தையல் கடைக்குக் கிளம்பறேன். பாப்பாவும் எங்கூடத்தான் வருது. துப்பாக்கியில குறி பாக்கற ஸ்கோப் மாட்ட வர்ற உங்க சிநேகிதரைத் திருப்பி அனுப்பிடுங்க.

செருப்பு மாட்டினவ திரும்பி வந்து இதை எழுதறேன். நான் சுட்ட சத்தத்துக்குப் பாப்பா பயந்து அழும்னு நெனச்சேன். கைதட்டிச் சிரிச்சுது. "அம்மா, இப்ப நான்"னு துப்பாக்கிக்குக் கை நீட்டுச்சு.