நூலளவு வளையம்

மார்ச் 3, செவ்வாய்
பாப்பாவுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். சிறுநீரில் தொற்று, சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்கிறார் டாக்டர். மருந்து காலை எட்டு, இரவு எட்டு. நாலு வயதுக்காரி, ஒரு ஸ்பூனுக்கே ஊரைக் கூட்டுவாள். போன மாதம் வேறொரு டாக்டர் எழுதிய இரும்பு டானிக்கையும் அதே ஸ்பூனில் ஊற்றச் சொல்லி, காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஒரே அழுகையோடு போகட்டும். நான் ஆறரைக்கே லேபுக்குக் கிளம்புவதால் காலை வேளை நாத்தனார் பொறுப்பு. பக்கத்துத் தெருதான் அவள் வீடு.

மார்ச் 5, வியாழன்
பாப்பாவின் சிறுநீர் செவ்வாயன்றே என் மேஜைக்கு வந்துவிட்டது. வளர்த்த கிருமியைத் தட்டில் தடவி, மருந்து தோய்ந்த காகிதப் பொட்டுகளை வைத்திருந்தேன். இன்று திறந்தால், அவள் குடிக்கிற மருந்தைச் சுற்றிப் பெரிய வெற்று வளையம். கிருமி கிட்டவே வரவில்லை. மனசு லேசாயிற்று.

வீட்டுக்கு வந்து அவளைத் தூக்கினேன். 102. அவள் கழுத்தில் அந்தத் தட்டின் வாடை. பிரமையா?

மார்ச் 6, வெள்ளி
தட்டில் சாகிறது. பிள்ளைக்குள் சாகவில்லை.

காலையில் மலம் செங்கல் நிறத்தில் போனதாக நாத்தனார் போன் செய்தாள். மாதிரியை வரவழைத்து நானே சோதித்தேன். ரத்தம் இல்லை. மறுபடி சோதித்தேன். இல்லை. ரத்தமில்லாத சிவப்பு. அப்படியானால் அது என்ன?

"திங்கள் வரைக்கும் பார்ப்போம். இறங்கலைன்னா அட்மிட் பண்ணிடலாம். கிட்னில தழும்பு விழுந்தா அப்புறம் மாத்த முடியாது." டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். குடித்த மருந்து ரத்தத்தில் கலந்திருந்தால் கொஞ்சம் சிறுநீரில் வந்தே ஆக வேண்டும். வெறும் காகிதப் பொட்டை அவள் சிறுநீரில் நனைத்து, அவளுடைய கிருமியின் நடுவில் வைத்தேன்.

மார்ச் 7, சனி
நூலளவு வளையம். அவ்வளவுதான். மருந்து பிள்ளைக்குள் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டேன். "காலைல மருந்து நிஜமாவே குடுக்கறியா, இல்ல அழறான்னு கொட்டிடறியா?"

"நீங்க எழுதி ஒட்டினதைத்தான் செய்யறேன் அண்ணி." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தங்கை போனதைப் பார்த்த என் கணவர் ஆபீசுக்குப் போன் செய்து ஒரு வாரம் லீவு சொன்னார்.

மார்ச் 8, ஞாயிறு
இரண்டு வேளையும் என் கையால். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லை. பாப்பா கேட்கிறாள்: "அந்த மருந்து எங்கம்மா போகுது?"

வயித்துக்குள்ளடி. வேற எங்க?

சிறுநீரை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய் வந்தேன்.

மார்ச் 9, திங்கள்
அதே நூல்.

என் கையால் கொடுத்தேனே. விழுங்கியதைப் பார்த்தேனே. உதட்டுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் யார் உட்கார்ந்து பிடுங்கிக்கொள்கிறார்கள்? வீட்டுக்கு வந்தேன். தொட்டியில் காலை ஸ்பூன் கழுவாமல் கிடந்தது. அதன் குழியில் செங்கல் சிவப்பு. மருந்து வெள்ளை. டானிக் பழுப்பு. இரண்டும் சேர்ந்த இடத்தில் அதே சிவப்பு.

டாக்டருக்குப் போன் அடித்தேன். "இரும்பு டானிக்கா? நீங்க சொல்லவே இல்லையே. ரெண்டும் வயித்துலயே ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும், ரத்தத்துக்குப் போகாம அப்படியே வெளிய வந்துடும். ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடுக்கணும். உடனே கூட்டிட்டு வாங்க, இப்ப ஒரு ஊசி போட்டுடலாம்."

ஃப்ரிட்ஜில் இருப்பது என் கையெழுத்து. படிக்கப் பிடிக்கவில்லை, கிழிக்கவும் கை வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்
100. டானிக் நிறுத்தம். நாத்தனாருக்கு நாலு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்
காய்ச்சல் இல்லை. தட்டில் அவள் சிறுநீர்ப் பொட்டைச் சுற்றிப் பெரிய வட்டம், உள்ளே ஒன்றுமே இல்லை. தழும்பு இருக்கிறதா என்பது பிறகு ஸ்கேனில்தான் தெரியும். வாடை போய்விட்டது.

டானிக்கை மறுபடி தொடங்கலாமாம், மதியம் ஒரு மணிக்கு மட்டும். அந்த நேரம் நான் லேபில். அவர் லீவும் நாளையோடு முடிகிறது. நாத்தனாருக்கு மெசேஜ் அனுப்பினேன்: தப்பு என்னுது. மன்னிச்சுடு. பதில் இல்லை. புதுக் காகிதம் எழுதி ஒட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்
நேற்றிலிருந்து நாத்தனார் வருகிறாளாம். நான் கிளம்பிய பிறகு வந்து, நான் திரும்பும் முன் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். இன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடி வந்தேன். வீடு பூட்டியிருந்தது.

"அத்தை இப்பதான் போனாங்க," என்றாள் பாப்பா.

சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்த இரண்டு ஸ்பூன்கள். ஒன்று அந்தக் கோடியில், ஒன்று இந்தக் கோடியில்.