காரணம் தெரியாமல் பறக்கவிட்ட விமானம்

மாடத்திக்கு, திருப்பூரிலிருந்து ஊர்க்காவலன் எழுதுவது. நான் சுகம். உன் இருமல் தணிந்ததா? முதியோர் வகுப்புக்குப் போனது வீண்போகவில்லை, இது முழுக்க என் கையெழுத்து! மகளே பொன்மணி, அம்மாவுக்கு நிறுத்தி வாசி.

நேற்று மில் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தபடி ஒரு புத்தகம் வாசித்தேன். வெள்ளைக்காரன் செய்த முதல் ஜெட் பயணிகள் விமானம் வானத்திலேயே உடைந்து கடலில் விழுந்ததாம். ஏன் என்று தெரியாமலே, கண்ட இடத்தையெல்லாம் சரிசெய்து அதே மாதிரி விமானங்களை மறுபடி பறக்கவிட்டார்கள். சில நாளிலேயே இன்னொன்றும் விழுந்தது. அப்புறம்தான் தகடு விரிசல் விட்டதைக் கண்டுபிடித்தார்களாம். படித்த மூதேவிகள்!

உங்கள் பட்டாசுக் கம்பெனி போர்மேன் அவர்களுக்கும் மேல். மருந்து அறை ஏன் வெடித்தது என்று நீ கேட்டதற்கு, "பூசணிக்காய் உடைச்சாச்சுல்லா, இன்னும் என்னத்துக்குப் பயப்படுதீக?" என்றானாமே. பூசணிக்காயா காரணம் சொல்லும்? திங்கட்கிழமை திறக்கும்போது அந்த அறிவாளியே முதலில் உள்ளே உட்கார்ந்து மருந்து அடைக்கட்டும்.

இங்கே எனக்குக் கொடுத்த அறை பெரிது. ஒருவனுக்குச் சமைத்தால் மிஞ்சிப்போகிறது. வரும்போது சாத்தூர்ச் சேவு வாங்கி வா. முதலாளி கார் வந்துவிட்டது, கேட்டைத் திறக்க வேண்டும். திங்கட்கிழமை கம்பெனி வேன் வந்து நின்றால் ஏறாதே, மாடத்தி.