கூட்டிப்போக ஓர் ஆள்

அன்புள்ள அண்ணைக்கு,

ஐந்து வருடம் பேசாமல் இருந்தது போதும். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? அம்மா இறந்ததை எட்டாம் நாள்தான் எனக்கு அறிவித்தீர்கள். அது இன்னும் ஆறவில்லை.

மனச்சோர்வுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் எனக்குக் கெட்டமின் என்ற மயக்கமருந்தைக் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். ஒரு மணி நேர வேலை. சுகம் இரண்டு கிழமை நிற்கும். காளானில் இருக்கும் சைலோசைபின் இன்னும் ஆராய்ச்சியில்தான். அதற்கு நாள் முழுவதும் இருவர் பக்கத்தில் இருப்பார்களாம். எனக்கு அதில்தான் ஆசை.

கெட்டமின் ஏற்றியபின் தனியே வீடு போக விடமாட்டார்கள். நேற்று, அண்ணை வருவார் என்று சொல்லிவிட்டேன். வெகுநேரம் வழி பார்த்துவிட்டு நேர்ஸ் பிரசாந்தினி கேட்டாள்: "அங்கிள், அண்ணை என்ன யாழ்ப்பாணத்திலயிருந்து நடந்தோ வாறார்?" நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியாது, சிரித்துவைத்தேன். ஷிப்ட் முடிந்து அவளே என்னை இல்ஃபோர்டில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டாள்.

அடுத்த முறை படிவத்தில் கூட்டிப்போக வருபவர் என்று எழுத உங்கள் தொலைபேசி இலக்கம் வேண்டும். என் பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன். என் எழுத்து மறந்துபோயிருந்தால் இலக்கம் அனுப்ப வேண்டாம்.